கடற்சேற்றில் இரண்டு குளிர்

உ

லிங்கி ஆற்றங்கரைத் தோட்டம்
18 ஆகஸ்ட் 1942

அன்புத் தம்பி இராஜமாணிக்கத்துக்கு அக்கா மயிலம்மாள் எழுதிக்கொண்டது. நானும் உன் மாமாவும் உயிரோடும் சிரங்கோடும் இருக்கிறோம். சிரம்பான் பக்கத்து ராசாவில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்கு எதையாவது தின்கிறாயா என்று எழுது. கடிதத்தைத் தபாலில் போடாதே. மதார் மைதீன் பாய் கருவாட்டுக் கூடையோடு சைக்கிளில் வரும்போது கொடுத்தனுப்பு. அவர் பிறத்தியார் கடிதத்தைப் படிக்க மாட்டார். படித்தாலும் வெளியே சொல்ல மாட்டார்.

இங்கே ஆபீஸில் ஜப்பான்காரன் கணக்குப்படி இது 2602ஆம் வருஷமாம். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். டோக்கியோவில் விடிந்தால் லிங்கியிலும் விடிந்தாக வேண்டுமாம். ஜனங்கள் கும்மிருட்டில் ரப்பர் மரத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். என் கடிதத்தில் நான் பழைய வருஷத்தைத்தான் போடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் வெள்ளைக்காரர்கள் ஓடின அன்று தோட்டத்து ஜனங்கள் பங்களாவுக்குள் புகுந்து ஆளுக்கொன்று தூக்கினார்கள். செல்லம்மா தையல் மெஷினைத் தூக்கினாள். உன் மாமா ஒரு நாற்காலியோடு வந்தார். நீ மட்டும் சேற்றுத் துரையின் அறையிலிருந்து இரண்டு பித்தளைக் குழாயைத் தூக்கிவந்து என் அடுப்படியில் புதைத்துவிட்டு ராசாவுக்குப் போய்விட்டாய். ஏனடா என்று கேட்டதற்கு, "பத்திரமா இருக்கட்டும்க்கா" என்றாய். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

நீ திறக்காவிட்டால் எனக்குத் தெரியாதா? அந்தத் துரை கப்பலில் போய் ஆழ்கடலின் அடிச்சேற்றைக் குழாய் குழாயாக எடுத்தபோது கூட நின்று கயிறு இழுத்தவன் நீ. பூமி எந்தக் காலத்தில் குளிர்ந்து கிடந்தது என்று அந்தச் சேறு சொல்லும் என்று எனக்கு விளக்கியவனும் நீ. ஒரு குழாயை எண்ணிப் பார்த்துவிட்டு, குளிர் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை வந்து போயிருக்கிறது என்று துரையிடம் சொன்னாய். "கூலிக்காரன் சேற்றைக் கலக்கிவிட்டான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி உன்னை வேலையை விட்டு அனுப்பினான் அந்த ஆள். இரண்டு வருஷமாகியும் எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை.

அதே இடத்தில் எடுத்த இன்னும் இரண்டு குழாய் யாரும் திறக்காமல் கிடக்கிறது என்று அப்போது அழுதுகொண்டே சொன்னாயே, நீ கொண்டுவந்தவை அவைதானே. இவற்றை எண்ணினால் யார் சொன்னது சரி என்று தெரிந்துபோகும். துரை இல்லாவிட்டால் என்ன, சேறு இருக்கிறது. எனக்குக் கண்ணும் இருக்கிறது. பதினாறு வருஷம் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து எள்ளளவு அழுக்கைக் கண்டுபிடித்துக் கத்தரித்தவள் நான். எப்படி எண்ணுவது என்று மட்டும் எழுது.

நீ கலக்கவில்லை என்றும் ஒரு வரி எழுதிவிடு. எனக்குத் தெரியும், ஆனாலும் உன் கையெழுத்தில் பார்க்க ஆசை.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா மயிலம்மாள்


ராசா
6 செப்டம்பர் 1942

அக்காவுக்கும் மாமாவுக்கும் தம்பி இராஜமாணிக்கத்தின் வணக்கம். லாரிப் பட்டறையில் வேலை செய்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சிரங்குக்கு வேப்பிலையை அரைத்துப் பூசவும்.

அக்கா, குழாய்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். காலம் கெட்டுக் கிடக்கிறது. ஆனால் நீ கேட்டுவிட்டாயே என்று எழுதுகிறேன்.

கடலின் மேல்தண்ணீரில் கசகசா அளவு உயிர்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றுக்குச் சுண்ணாம்பு ஓடு உண்டு. செத்ததும் ஓடு கீழே இறங்கி அடியில் படியும். ஆயிரம் வருஷம் ஓயாமல் விழுந்தாலும் ஒரு விரற்கடை உயரம் சேர்ந்தால் அதிகம். ஒரு வகை தட்டையாக, சுற்றிலும் வரம்பு கட்டியதுபோல இருக்கும். நான் அதை வரம்புக்காரி என்பேன். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். இன்னொரு வகை நாலு மிளகை ஒட்டிவைத்ததுபோல உருண்டையாக இருக்கும். அது குளிருக்கு அஞ்சாது. சேற்றை அங்குலம் அங்குலமாக அறுத்து, கழுவி, ஒவ்வொரு துண்டிலும் நூறு ஓடு பொறுக்கி அதில் எத்தனை வரம்புக்காரி என்று எண்ண வேண்டும். எங்கே அவள் குறைகிறாளோ அங்கே கடல் குளிர்ந்திருந்தது என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் வடக்கே தேசம் தேசமாகப் பனிக்கட்டி மூடிக் கிடந்ததாம். தண்ணீரெல்லாம் அந்தக் கட்டியில் போய்ச் சேர்ந்துகொண்டதால் கடலே கீழே இறங்கிவிட்டது. நம் போர்ட் டிக்சன் கரையிலிருந்து சுமத்ராவுக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம் அக்கா! கப்பலில் முதல்முதலாக அந்த ஓடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நான் சாப்பாட்டு மணியைக்கூடக் கேட்கவில்லை. சமையல்காரர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

எதையோ எழுதிக்கொண்டு போகிறேன். நீ எண்ண வேண்டாம். குழாயைத் தொட வேண்டாம். மாமாவின் இருமலை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு
தம்பி இராஜமாணிக்கம்


லிங்கி
25 அக்டோபர் 1942

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். சௌக்கியத்துக்குக் குறைவில்லை, அரிசிக்குத்தான் குறைவு. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. மாமாவின் இருமல் அப்படியே இருக்கிறது.

வெல்லக்கட்டியை வாயருகே நீட்டிவிட்டுத் தின்னாதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? ஒரு பக்கம் முழுக்க எப்படி எண்ணுவது என்று எழுதிவிட்டு, கடைசியில் எண்ணாதே என்கிறாய். நான் கேட்ட ஒரு வரியை மட்டும் காணவில்லை. மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

இனிமேல் தொடாமல் இருக்கவும் முடியாது. போன வாரம் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு சத்தம் போட்டார். வீட்டில் இருக்கும் பித்தளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆபீஸுக்கு வர வேண்டும், ஒளித்தவர்களை மிலிட்டரி போலீஸ் கூட்டிக்கொண்டு போகும் என்றார். லயத்து வீடுகளில் குடம், குத்துவிளக்கு எதுவும் மிஞ்சவில்லை. ராக்கம்மா தாலி கட்டினபோது வந்த சொம்பைக் கொடுத்துவிட்டு அழுதாள்.

நான் அடுப்படியைத் தோண்டினேன். உன் மாமா மூங்கிலை நீளவாக்கில் பிளந்து பிடித்துக்கொண்டார். குழாயின் ஒரு முனையில் கட்டையை வைத்து, புட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளினேன். சேறு உடையாமல் கலையாமல் மூங்கிலுக்குள் வந்து படுத்தது. "ஏண்டி, ஒன் தம்பி சீதனமா குடுத்த சேறா இது?" என்றார் மாமா. மேல்முனை எது என்று தெரிய சிவப்புத் துணி கட்டி, மேலே இன்னொரு பாதி மூங்கிலை மூடிக் கட்டி, ஷீட் காயப்போடும் மூங்கில்களோடு புகைக் கொட்டகை உத்திரத்தில் சேர்த்துவிட்டேன். அங்கே இப்போது புகை போடுவதே இல்லை. நூறு மூங்கிலில் இரண்டு மூங்கிலை எவன் கண்டுபிடிப்பான்?

பிறகு வெறுங்குழாயோடு ஆபீஸுக்குப் போனேன். ஜப்பான்காரன் நாற்காலியில் இருந்தான். கிராணி கேட்டார்.

"என்னா மயிலு இது?"

"புட்டுக் கொழலுங்க கிராணி."

"மூணு அடி நீளத்துலயா?"

"எங்க ஊட்டுக்காரரு ஆளுங்க மொத்தமா வந்து எறங்கிட்டா ஒரே தள்ளுல முடிஞ்சிரும்லா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜப்பான்காரன் குழாயை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துக் குவியலில் எறிந்தான். வழியெல்லாம் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தது உண்மை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன், அதுவும் உண்மை.

பித்தளைதான் அவர்களுக்கு. சேறு நம்முடையது. நீ கலக்கவில்லை என்ற வரியை இந்தத் தடவை மறக்காமல் எழுது.

அக்கா மயிலம்மாள்


ராசா
14 நவம்பர் 1942

அக்காவுக்கு வணக்கம். நலம். உங்கள் நலத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இங்கே அடுத்த தெருவில் ஒரு மீன்காரரின் வீட்டில் கடல் ஏற்ற இறக்கம் எழுதிய பழைய தாள் ஒன்று இருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போய் இருபது நாளாகிறது. கடலின் ஆழம் என்ற பேச்சு உன் வாயிலிருந்து வந்தாலே உன்னை உளவாளி என்பார்கள். புட்டுக் குழல் கதை ஒரு தடவைதான் செல்லும்.

இரண்டு மூங்கிலையும் ஆற்றில் போட்டுவிடு. கடலிலிருந்து வந்தது கடலுக்கே போகட்டும். என் பெயர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும் அக்கா, அதனால் எனக்கு ஒரு வலியும் இல்லை.

தம்பி இராஜமாணிக்கம்


லிங்கி
10 ஜனவரி 1943

பொங்கல் வாழ்த்துகள் தம்பி. பொங்கப் பச்சரிசி இல்லை. மரவள்ளி மாவைக் கிண்டிப் பால் பொங்கியதாகப் பாவனை செய்துகொள்ளப் போகிறோம். ஆபீஸில் 2603 பிறந்துவிட்டது. என் கையில் ஐம்பதாயிரம் வருஷத்துச் சேறு இருக்கிறது, இவர்கள் எனக்குக் காலண்டர் மாட்டுகிறார்கள்.

ஆற்றில் போடு என்று எழுதியிருந்தாய். போடவில்லை. உனக்கு வலிக்காவிட்டால் என்ன, எனக்கு வலிக்கிறது. உன்னைக் கூலிக்காரன் என்றவன் முகத்தில் ஒரு நாள் இந்தக் கணக்கை எறிய வேண்டும்.

கேள். மதார் மைதீன் பாய் சொல்லி, கடிகாரம் பழுதுபார்க்கும் ஷம்சுதீன் தன் கண்ணில் மாட்டும் கண்ணாடியை இரவல் கொடுத்தார். மூடிக் கிடக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிலேட்டும் கொண்டுவந்தேன். கறுப்பில் வெள்ளை ஓடு பளிச்சென்று தெரியும் அல்லவா? முதல் மூங்கிலை இறக்கி அங்குலம் அங்குலமாக அறுத்தேன். முப்பத்தாறு துண்டு. ஆனால் சேறு களியாக ஒட்டிக்கொண்டு துணியில் வடிய மறுத்தது. தோட்டத்துக்காரிக்குத் தெரியாத வைத்தியமா? ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் ஜாடியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உறை தட்டில் ஊற்றித் தண்ணீர் கலந்து சேற்றைப் போட்டேன். நுரைத்துப் பொங்கியது பார், அழுக்கெல்லாம் இளகிச் சுத்தமாக வடிந்தது. முப்பத்தாறு துண்டையும் அப்படியே கழுவிவிட்டேன்.

தம்பி, ஒரு வரம்புக்காரிகூட இல்லை! மேலிருந்து கீழ்வரை இல்லை! மிளகுக்காரிகளையும் காணோம், அந்தக் குளிரில் அவையும் செத்திருக்க வேண்டும். ஒரு குளிரா இரண்டு குளிரா என்று நீயும் துரையும் சண்டை போட்டீர்கள். இது முழுக்க முழுக்கக் குளிர்!

சந்தோஷத்தோடு
அக்கா


ராசா
15 ஜனவரி 1943

அக்காவுக்கு வணக்கம். பாய் கிளம்புவதற்குள் எழுதுகிறேன்.

ஐயோ அக்கா. அந்த ஓடு சுண்ணாம்பு. ஆசிட் சுண்ணாம்பைத் தின்றுவிடும். நீ பார்த்த நுரைதான் ஓடு. ஒரு முட்டை கிடைத்தால் அந்த ஆசிட்டில் போட்டுப் பார், ஓடு கரைந்து தோல் மட்டும் மிஞ்சும். குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. நீ கழுவினதில் இனி ஒன்றுமே இல்லை.

நீ வருத்தப்படாதே. தெரியாமல் செய்தது. இதுவும் நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொள். மிச்சம் இருக்கும் ஒன்றையும் இத்தோடு விட்டுவிடலாம். என் மனம் இன்றைக்கு ரொம்ப நாள் கழித்து லேசாக இருக்கிறது. மாமாவுக்கு இருமல் மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

தம்பி


லிங்கி
28 பிப்ரவரி 1943

இராஜமாணிக்கத்துக்கு.

மருந்து வந்தது. மாமா தேவலை. நான் தேவலை இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் அழுதேன். முட்டைக்கு எங்கே போவேன், செல்லம்மா வீட்டுக் கோழி குஞ்சு பொரித்த ஓட்டைப் பொறுக்கி வந்து ஆசிட்டில் போட்டேன். நீ சொன்னது சரி. என் கையாலேயே உன் சாட்சியைக் கொன்றுவிட்டேன். கடலின் அடியில் அத்தனை காலம் கெடாமல் கிடந்ததை ஒரு சாயங்காலத்தில் நுரையாக்கிவிட்டேன்.

அழுது முடித்த பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மனம் லேசாக இருக்கிறதாம்! எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, உனக்கு எப்படியடா லேசாகும்? இரண்டு கடிதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டேன். மூன்று பதிலில் வேப்பிலையும் இருமல் மருந்தும் வந்தன, அந்த ஒரு வரி வரவில்லை.

இரண்டாவது மூங்கில் உத்திரத்தில் இருக்கிறது. அதை நான் எண்ணத்தான் போகிறேன். இந்தத் தடவை மழைத்தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும், எத்தனை நாள் ஆனாலும் சரி. ஜப்பான்காரன் தடுத்தாலும் எண்ணுவேன், நீ தடுத்தாலும் எண்ணுவேன். நான் இறங்கிய பிறகு கிணற்றை மூடாதே. அந்தக் குழாயை நீ கலக்கினாயா இல்லையா? நேராகப் பதில் சொல்.

அக்கா


சிரம்பான் ரயில் நிலையம், சரக்குக் கொட்டகை
11 ஜூன் 1943

என் அக்காவுக்கு.

நாலு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன். நேற்றுப் பட்டறைக்கு வெளியே லாரியை நிறுத்தி இருபது பேரை ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்கிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. மதார் மைதீன் பாய் வேலி ஓரமாக வந்து நிற்கிறார். அவர் கொடுத்த பென்சிலில் எழுதுகிறேன்.

நான் கலக்கினேன் அக்கா.

கப்பல் ஆடியது, குழாய் கை நழுவியது. சேறு பாதி தளத்தில் வழுக்கி விழுந்து இரண்டாக உடைந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அள்ளி உள்ளே தள்ளி மூடிவிட்டேன். எது மேல், எது கீழ் என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஒரு வருஷம் கழித்து அதை எண்ணியபோது இரண்டு குளிர் வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, கண்டுபிடித்தவன்போலப் பேசினேன். நான் கலக்கிவிட்டேன் என்று துரை சொன்னபோது எல்லோர் முன்னாலும் இல்லை என்று சத்தியம் செய்தேன். உன்னிடம் அழுதேன். நீ நம்பினாய். அதுதான் என்னைக் கொன்றது.

பங்களாவிலிருந்து அந்தக் குழாய்களைத் தூக்கியது என் பெயரைக் காப்பாற்ற அல்ல. வேறு யாரும் திறந்து எண்ணிவிடக் கூடாது என்றுதான். நீ எண்ணுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. முதல் மூங்கில் கரைந்தது என்று படித்தபோது எனக்கு ஏன் லேசானது என்று இப்போது உனக்குத் தெரியும்.

ஒரே ஒரு குளிர்தான் இருந்திருக்கும், உடைந்த துண்டு இடம் மாறியதில் இரண்டாகத் தெரிந்திருக்கும். என் பொய்க்காக நீ மிலிட்டரி போலீஸிடம் மாட்டாதே. போட்டுவிடு. மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்.

இராஜமாணிக்கம்


லிங்கி
2 ஆகஸ்ட் 1943

தம்பி இராஜமாணிக்கத்துக்கு அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நலமாக இரு. இது என் உத்தரவு.

நம் தோட்டத்திலும் பெயர் படித்துவிட்டார்கள். பதினாலு பேர், நாளைக்கு லாரி. நம் லயத்து வீரமுத்துவும் அதில் போகிறான். இந்தக் கடிதத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி அவன் இடுப்பில் கட்டி அனுப்புகிறேன். சயாம் பெரிய தேசம்தான், ஆனாலும் பாதை ஒன்றுதானே, எங்கேயாவது உன்னைப் பார்ப்பான்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். மூன்று வருஷம் ஒரு பொய்க்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதை மன்னிக்க எனக்கு இன்னும் நாளாகும். இப்போது மீதியைக் கேள்.

உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே நான் எண்ணி முடித்துவிட்டேன். மழைத்தண்ணீரில் கழுவி, கோழி இறகின் நுனியை நனைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி சிலேட்டில் வைத்து எண்ணினேன். துண்டுக்கு நூறு ஓடு. கண்ணில் நீர் வடிந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் எண்ணினேன். எண்ணியதைப் பெரட்டில் கூப்பிடும் பழைய பெயர்ப் பட்டியல் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு குளிர் இருக்கிறது.

மேலே வரம்புக்காரிகள் நிறைய. பிறகு குறைந்து போகிறார்கள். பிறகு மறுபடி வருகிறார்கள். பிறகு மறுபடி குறைகிறார்கள். இந்தச் சேற்றை நீ கலக்கவில்லை. இது உன் கையிலிருந்து விழவில்லை. நீ பொய் சொன்னாய் தம்பி, ஆனால் நீ சொன்ன பொய் கடலில் உண்மையாகக் கிடந்தது. உன்னையும் துரையையும் சேர்த்து முட்டாளாக்கிவிட்டது இந்தச் சேறு.

சாகப் போகிறவனுக்கு அக்கா ஆறுதல் சொல்கிறாள் என்று நீ நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கழுவும் முன்பே ஒவ்வொரு துண்டையும் நெடுக்காக இரண்டாக வகிர்ந்து பாதியைத்தான் தொட்டேன். முதல் மூங்கிலில் பட்ட புத்தி. முப்பத்தாறு பாதியும் ரப்பர் ஷீட்டில் தனித்தனியாகச் சுற்றி வரிசையாக இருக்கிறது. எந்தத் துண்டில் குளிர் என்று எழுத மாட்டேன். எழுதினால் உன் கண் அதையே தேடும். அந்தப் பாதி உன்னுடையது. நான் எண்ண மாட்டேன், யாரையும் எண்ண விடவும் மாட்டேன். நீ வந்துதான் எண்ண வேண்டும்.

மூன்று மாதம் என்று சொல்லியிருக்கிறார்களா? எத்தனை வருஷம் ஆனாலும் வா.

அக்கா மயிலம்மாள்


லிங்கி
20 நவம்பர் 1945

தம்பி இராஜமாணிக்கத்துக்கு.

நீ எந்த முகாமில் இருக்கிறாய் என்று தெரியவில்லை. சயாமிலிருந்து ஆட்களைத் திருப்பிக் கொண்டுவரும் அதிகாரி ஒருவரிடம் உன் பெயரும் என் பெயரும் எழுதிய இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். போன பதினாலு பேரில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். வீரமுத்து இல்லை. உன்னைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொன்னார்கள், செத்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை. செல்லம்மா என்னிடம், "காரியத்த முடிச்சிடு மயிலு, ஆத்மா அலையக் கூடாதுல்ல" என்றாள். "உசுரோட இருக்கறவனுக்குப் பிண்டம் வைக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவளோடு இப்போது பேச்சு இல்லை.

மாமா நலம். பழைய காலண்டரும் பழைய கடிகாரமும் திரும்பிவிட்டன. சேற்றுத் துரையும் உயிரோடு இருக்கிறானாம், சீமையில். தன் குழாய்களைத் தேடச் சொல்லி எழுதியிருக்கிறான். போன வாரம் புதுத் துரை ஒருவர் கிராணி திருநாவுக்கரசோடு லயத்துக்கே வந்துவிட்டார்.

"குழாய ஜப்பான்காரன் கொண்டு போயிட்டானுங்க. கிராணிதான் எழுதிக்கிட்டாரு, அவரையே கேளுங்க" என்றேன். கிராணி வானத்தைப் பார்த்தார்.

"சேறு இருக்குன்னு கேள்விப்பட்டாராம் தொரை" என்றார்.

"இருக்கு. என் தம்பி எண்ணணும். அவன் எண்ணி முடிக்கட்டும், அதுக்கப்புறம் கேக்கறவங்க வரிசையில வந்து நிக்கட்டும்லா."

"மயிலு, அது தொரையோட சொத்து."

"நாலு வருசமா உசுர வச்சுக் காப்பாத்துனது நானு. தொரை எங்க இருந்தாரு?"

கிராணி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, புதுத் துரை தொப்பியைத் தொட்டுக்கொண்டு போய்விட்டார். மறுபடி வருவார். வரட்டும்.

உன் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் தேடிப் பார்த்தேன், இல்லை. சீக்கிரம் வாடா.

அக்கா


சயாம், நோயாளிகள் முகாம்
9 ஜனவரி 1946

என் அக்காவுக்கு இராஜமாணிக்கம் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இடது காலில் புண் எலும்பு வரை போய்விட்டதால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. அடுத்த மாதக் கப்பலில் அனுப்புவார்களாம். மாமாவிடம் ஒரு கட்டை வெட்டி வைக்கச் சொல், கக்கத்தில் வைத்து நடக்க.

உன் கடிதம் ஒன்றுதான் வந்தது. வீரமுத்து காலராவில் கிடந்தபோது அவனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவன் நான். இடுப்புத் துணியை அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினான். மறுநாள் அவனை நான்தான் புதைத்தேன். அவன் அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன், அதுவரை நீ சொல்லாதே.

கடிதத்தைப் படித்துவிட்டு நீ எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அக்காவுக்குப் பொய் சொல்ல வராதே என்று நினைத்தேன். பிறகு மறுபடி சந்தேகம் வந்தது. இரண்டு வருஷம் இதே வேலை. பக்கத்தில் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. அந்தப் பாதிச் சேற்றைப் பார்க்காமல் போகக் கூடாது என்று நான் தினமும் எழுந்தேன். மண் சுமந்தேன், அடி வாங்கினேன், கால் போனது. எண்ண வேண்டியது கைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா, என் பாதியை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் தாளையும் எனக்குக் காட்டாதே. நானே கழுவி, நானே எண்ணுகிறேன். இரண்டு குளிர் வந்தால் இரண்டு என்று துரைக்கு என் கையெழுத்திலேயே எழுதுவேன், கப்பலில் குழாயைப் போட்டு உடைத்ததையும் அதே கடிதத்தில் எழுதுவேன். ஒரு குளிர்தான் வந்தது என்றால், நீ எனக்காகப் பட்டதெல்லாம் தெரிந்தவன்தான் நான், ஆனாலும் உன் முகத்துக்கு நேரே நின்று ஒன்றுதான் என்று சொல்வேன்.

விரைவில் வந்து சேரும்
தம்பி இராஜமாணிக்கம்